நேர்மாறுப் பிரசினங்களும் பரவல் மாதிரியுருக்களும்

பொருளிலிருந்து அளவீட்டைக் கணித்தல் நேர்ப் பிரசினம். அளவீட்டிலிருந்து பொருளை மீட்டல் நேர்மாறுப் பிரசினம். காந்தப் பரிவு விம்பமாக்கலில் நேரத்தைச் சுருக்கும் பொருட்டு அளவீடுகள் குறைக்கப்படுமிடத்து, ஒரே தரவுக்குப் பல விம்பங்கள் பொருந்துவனவாகின்றன. அவற்றுள் எதனைத் தெரிவது? விம்பங்கள் இயல்பாக எவ்வாறமையும் என்னும் முன்னறிவே இங்குத் துணையாகின்றது.

2015 இல் முன்மொழியப்பட்டு, 2020 இன் பின் விரைந்து வளர்ந்த பரவல் மாதிரியுரு இம்முன்னறிவை வழங்குவதாகும். பயிற்சியின்போது விம்பங்களிற் படிப்படியாக இரைச்சல் கலக்கப்படுகின்றது. அவ்விரைச்சலை மதிப்பிட நரம்பு வலையமைப்பொன்று பழக்கப்படுகின்றது. மீட்டலின்போது, வெறும் இரைச்சலில் தொடங்கி அது படிப்படியாக நீக்கப்படுகின்றது. ஒவ்வொரு படியிலும், உருவாகும் விம்பம் தரும் அளவீடு உண்மை அளவீட்டுடன் ஒப்பிடப்பட்டு, வேறுபாடு குறையுமாறு விம்பம் திருத்தப்படுகின்றது. எனவே, அளவீட்டு முறை மாறினும் வலையமைப்பை மீளப் பயிற்றவேண்டியதில்லை.

ஆயினும், அளக்கப்படாத கூறுகளை நிரப்புவது முன்னறிவேயாம். ஆதலின் இல்லாத கட்டி தோன்றவும், உள்ள கட்டி மறையவும் கூடும். பன்முறை மீட்டு ஒப்பிடின், வேறுபடும் இடங்கள் ஐயத்துக்குரியன எனத் தெளியலாம். எனினும் ஒன்றுபடும் இடங்களெல்லாம் உண்மையென்பதற்கில்லை; பயிற்சி விம்பங்களின் குறை அனைத்திலும் ஒருங்கே படிந்திருத்தல் கூடும். தெளிவான விம்பம் வேறு, மெய்யான விம்பம் வேறு என்பதை மருத்துவர் மறத்தலாகாது.