கையில் காசு குறைவு. காமிராவுக்கு இடம் கிடைக்குமா?

2020-ம் ஆண்டு பிப்ரவரி மாதம். நெய்வேலி சுரங்கத்தின் வெளியே ஜனங்கள் கூட்டம் கூட்டமாக நின்றார்கள்.

என்ன விசேஷம்? சுரங்கத்தில் சினிமா படப்பிடிப்பு!

டைரக்டர் லோகேஷ் கனகராஜின் "மாஸ்டர்" படத்தின் காட்சிகள் அங்கே எடுக்கப்பட்டன. நடிகர் விஜய் ஒரு வேனின் மேல் ஏறி நின்றார். கூடியிருந்த ரசிகர்களோடு சேர்த்துத் தம்மையும் செல்போனில் படம் பிடித்தார். அந்தப் படம் நாடெங்கும் பரவியது.

அதே நாட்களில் சுரங்க வாசலில் பாரதீய ஜனதா கட்சியினர் போராட்டமும் நடத்தினார்கள். "இங்கே படப்பிடிப்பு கூடாது" என்றார்கள். ஆனாலும் படப்பிடிப்பு நடந்தது. காரணம், நிர்வாகத்தின் அனுமதி முன்பே வாங்கப்பட்டிருந்தது.

பெரிய படம். பெரிய நட்சத்திரம். அவர்களுக்கே கைகொடுத்தது ஓர் அனுமதிக் கடிதம்தான்!

அப்படியானால், சொற்பப் பணத்தோடு படம் எடுக்க வரும் இளைஞர் என்ன செய்வார்? அவருக்கு யார் இடம் கொடுப்பார்கள்?

கிணற்றில் வந்த கரி

நெய்வேலியின் கதையே நிலத்தின் கதைதான். 1935-ம் ஆண்டு வாக்கில் ஜம்புலிங்க முதலியார் என்பவர் தம் நிலத்தில் கிணறு தோண்டினார். தண்ணீரோடு கரிய பொருள் ஒன்று வெளிவந்தது. அதுதான் பழுப்பு நிலக்கரி. பிற்பாடு அவர் 620 ஏக்கர் நிலத்தைத் தானமாகக் கொடுத்தார்.

1956-ல் நிலக்கரி நிறுவனம் பிறந்தது. 1957-ம் ஆண்டு மே 20-ந் தேதி பிரதமர் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். கிராமங்கள் இருந்த இடத்தில் சுரங்கம் வந்தது. அருகே அகன்ற தெருக்களும் நிழல் மரங்களுமாக ஒரு நகரம் எழுந்தது.

சினிமாக்காரர் கண்ணுக்கு நெய்வேலி ஒரு புதையல். மலை போல் குவிந்த மண். பெரிய சக்கரத்தில் வாளிகளைக் கோத்தது போன்ற ராட்சத வெட்டு இயந்திரங்கள். வரிசை வரிசையாகக் குடியிருப்புகள். இப்படி ஒரு "செட்" போட யாரால் முடியும்?

ஆனால் சுரங்கம், குடியிருப்பு எல்லாம் ஒரே நிறுவனத்தின் கையில் இருக்கின்றன. சுரங்கத்தில் ஆபத்தும் உண்டு. "யாரும் பார்க்கவில்லை" என்று காமிராவோடு நுழைந்துவிட முடியாது, நுழையவும் கூடாது.

மாடு மேய்ந்த பூக்கள்

காசு இல்லாமல் இடம் பிடித்தவர்களில் பெரும் புகழ் பெற்றவர் வங்காளத்து சத்யஜித் ரே.

விளம்பரக் கம்பெனி ஒன்றில் அவருக்கு வேலை. 1952-ம் ஆண்டு அக்டோபர் மாதம் "பதேர் பாஞ்சாலி" படத்தைத் தொடங்கினார். முதலில் படமாக்கியது நாணல் பூக்கள் பூத்த வெளியில் ஒரு காட்சி. பாதி எடுத்தார்கள். மீதியை அடுத்த ஞாயிற்றுக்கிழமை எடுக்கலாம் என்று திரும்பினார்கள்.

அடுத்த வாரம் வந்து பார்த்தால் பூக்களைக் காணோம். மாடுகள் மேய்ந்து விட்டன! மறுபடி பூக்கும் பருவத்துக்காக அவர்கள் காத்திருக்க நேர்ந்தது.

கதைக்கு வேண்டிய வீடு கல்கத்தாவுக்கு அருகே போரால் கிராமத்தில் கிடைத்தது. இடிந்து பாழடைந்த வீடு. மாத வாடகை 50 ரூபாய். கதையிலும் ஏழைக் குடும்பம்தான். அதனால் அந்தப் பாழ் வீடே பொருத்தமாக அமைந்தது.

இடையில் பணம் தீர்ந்தது. மனைவியின் நகைகள் அடகுக்குப் போயின. முடிவில் மேற்கு வங்காள சர்க்கார் உதவியது. 1955-ல் படம் வெளிவந்தது. மறு ஆண்டு பிரான்ஸ் நாட்டில் கான் விழாவில் பரிசு பெற்றது.

நம் நாட்டு உதாரணங்கள்

தமிழிலும் இப்படி நடந்ததுண்டு. 1977-ல் வந்த "16 வயதினிலே" படத்தை பாரதிராஜா ஸ்டுடியோவில் எடுக்கவில்லை. மைசூர்ச் சீமைக்குப் போய் உண்மையான கிராமத்தில் எடுத்தார். மெதுவாக ஓடும் காட்சிக்கு விசேஷ காமிரா வேண்டும். அதற்கு வசதி இல்லை. நடிகை ஸ்ரீதேவியே மெதுவாக ஓடிக் காட்டினார்!

மதுரை மாவட்டத்துக்காரரான பி.எஸ். வினோத்ராஜ் தம் சீமையை விட்டு எங்கும் போகவில்லை. மேலூர் அருகே அரிட்டாபட்டி வட்டாரத்தில் கொளுத்தும் கோடையில் "கூழாங்கல்" படத்தை எடுத்தார். தகப்பனும் மகனும் வெயிலில் நடக்கிறார்கள். அதுதான் கதை. பொட்டல் காட்டுக்குச் செட் எதற்கு? வெயிலுக்கு வாடகை ஏது? 2021-ல் ஹாலந்து நாட்டின் ராட்டர்டாம் விழாவில் அந்தப் படத்துக்குப் "புலி விருது" கிடைத்தது.

இவர்கள் எல்லாரும் செய்தது ஒன்றுதான். கதைக்காக இடத்தை விலைக்கு வாங்கவில்லை. கிடைக்கும் இடத்தைக் கதையின் உயிராக்கினார்கள்.

புதியவர் என்ன செய்யலாம்?

நெய்வேலிக்குப் படம் எடுக்க வருகிறவர் முதல் நாள் காமிராவைக் கொண்டு வர வேண்டாம். வெறுங்கையோடு வந்து சுற்றிப் பார்க்கட்டும். காலை வெயில் எங்கே விழுகிறது? மாலையில் எங்கே சத்தம் அதிகம்? குறித்துக் கொள்ளட்டும்.

பிறகு கடிதம். எந்த இடம், எந்தத் தேதி, எத்தனை மணி நேரம், எத்தனை பேர், என்னென்ன சாமான்கள் என்று எல்லாம் தெளிவாக எழுதி நிர்வாகத்திடம் கொடுக்க வேண்டும். பதில் வரும் வரை பொறுக்க வேண்டும். வாய்ச் சொல்லை நம்பி ஆட்களை வரவழைத்துவிட்டால், ஒரு நாள் சாப்பாட்டுச் செலவே முதலைத் தின்றுவிடும்.

சுரங்கம் கிடைக்காவிட்டால் கதை செத்துவிடுமா? இல்லை. சுற்றிலும் செம்மண் கிராமங்கள் உண்டு. முந்திரித் தோப்புகள் உண்டு. பண்ருட்டிப் பக்கம் போனால் பலா மரங்கள் உண்டு. சுரங்கத் தொழிலாளியின் கதையை அவர் வேலைக்குப் புறப்படும் வீட்டு வாசலிலேயே சொல்லலாம்.

அங்கேயும் சொந்தக்காரரைக் கேட்க வேண்டும். பேசிய தொகையை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். ஓரிடத்துக் காட்சிகளை ஒரே மூச்சில் எடுத்தால் வண்டிச் செலவு மிஞ்சும். நகர்த்திய கட்டிலை இருந்த இடத்தில் போட வேண்டும். குப்பையை அள்ள வேண்டும்.

இது மரியாதைக்காக மட்டும் அல்ல. அந்தச் சீமை ஜனங்கள் நிலத்தின் அருமை அறிந்தவர்கள். நாட்டுக்கு விளக்கு எரிய வேண்டும் என்று வீட்டையும் வயலையும் விட்டு எழுந்த குடும்பங்கள் அங்கே உண்டு. கேட்காமல் கால் வைத்தால் அவர்கள் மனம் வருந்தாதா?

பணக்காரர் கெடுத்த இடத்துக்கு நஷ்டஈடு கொடுத்துவிட்டு வேறு ஊர் போய்விடுவார். ஏழைப் படக்காரருக்கோ விட்டுப்போன காட்சியை எடுக்க அதே வீட்டுக்கே திரும்பி வர நேரும். அப்போது கதவு திறக்க வேண்டுமானால், முதல் நாளே நல்ல பெயர் எடுத்திருக்க வேண்டும்!