சிலிக்கானும் பயிர்களின் உவர் தாங்கும் திறனும்

உவர் மண்ணில் வளரும் பயிர், வேர் வழியே எடுத்துக்கொள்ளும் சிலிக்கானின் துணையால் உப்பின் தீங்கை ஓரளவு தாங்கிக்கொள்கிறது. நெல், கோதுமை, வாற்கோதுமை, கரும்பு போன்ற புல் குடும்பப் பயிர்களில் இது தெளிவாகத் தெரிகிறது. இவற்றுள் இவ்வகையில் விரிவாக ஆராயப்பட்டது நெல்.

மண்சாற்றின் மின்கடத்துத்திறன் மீட்டருக்கு 4 டெசிசீமென்ஸைத் தாண்டினால் அம்மண் உவர் மண் எனப்படும். நெல்லின் விளைச்சலோ 3 டெசிசீமென்ஸைக் கடந்ததுமே குறையத் தொடங்குகிறது. உப்பு இரண்டு வகையில் தீங்கு செய்கிறது. முதலாவதாக, மண்ணில் நீர் இருந்தும் வேரால் அதை எளிதில் உறிஞ்ச முடிவதில்லை. அடுத்து, சோடியம் இலைகளில் சேர்ந்து பொட்டாசியத்தின் வேலையைக் கெடுக்கிறது. முதிர்ந்த இலைகள் நுனியிலிருந்து காய்வது இதனால்தான்.

சிலிக்கான் வேருக்குள் நுழையும் விதம்

புவியோட்டின் நிறையில் ஏறத்தாழ 28 விழுக்காடு சிலிக்கான். ஆக்சிஜனுக்கு அடுத்த இடம் அதற்கே. ஆயினும் மணலாகக் கிடக்கும் சிலிக்காவைச் செடியால் எடுத்துக்கொள்ள முடியாது. நீரில் கரைந்து சிலிசிக் அமிலமாக மாறிய சிறு பகுதி மட்டுமே வேருக்குப் பயன்படும். நெற்பயிர் அதை ஆவலோடு உறிஞ்சுகிறது. அதன் தண்டு, இலைகளின் உலர் எடையில் 10 விழுக்காடு வரை சிலிக்கா இருப்பதுண்டு. நெல் இலையின் ஓரம் கையைக் கீறுவதை வயலில் இறங்கியவர்கள் அறிவர். அது இந்தச் சிலிக்காவின் வேலை.

இந்த உறிஞ்சலுக்கு உதவும் மரபணுவை ஜப்பானில் ஜியான் ஃபெங் மா குழுவினர் 2006இல் கண்டறிந்தனர். எல்எஸ்ஐ1 என்னும் அப்புரதம் சிலிசிக் அமிலத்தை வேர்ச் செல்லுக்குள் விடுகிறது. மறுபக்கம் இருக்கும் எல்எஸ்ஐ2 அதைச் சைலத்தை நோக்கி வெளியேற்றுகிறது. இது 2007இல் அறியப்பட்டது. தக்காளி போன்ற பயிர்கள் சிலிக்கானை மிகக் குறைவாகவே சேர்த்துக்கொள்கின்றன. எனவே நெல்லில் கண்ட பலனை எல்லாப் பயிர்களுக்கும் பொருத்திப் பேசுவது சரியன்று.

கசிவு வழி அடைபடுதல்

வேரின் அகத்தோலில் காஸ்பாரியன் பட்டை என்னும் தடுப்பு உள்ளது. செல்களுக்கு இடைப்பட்ட வழியே வரும் நீரையும் உப்பையும் அது நிறுத்திவிடும். ஆனால் வேர் நுனியிலும் பக்க வேர்கள் கிளம்பும் இடங்களிலும் இத்தடுப்பு முழுமையாக இராது. நன்கு கட்டிய வரப்பில் நண்டு வளை இருப்பது போன்ற நிலை இது. நெல்லில் சோடியத்தின் கணிசமான பகுதி இந்தக் கசிவு வழியாகவே மேலேறுகிறது.

1999இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதை அழகாகச் சோதித்தது. செல்லுக்குள் நுழைய முடியாத ஒளிரும் சாயம் ஒன்றை உப்புநீரில் கலந்து நெல் நாற்றுகளை வளர்த்தனர். சிலிக்கேட் சேர்த்த நாற்றுகளில் சோடியமும் குறைந்தது, சாயமும் குறைந்தது. இலைத்துளைகளோ முன்னிலும் நன்றாகத் திறந்திருந்தன. ஆகவே நீராவிப்போக்கு குறைந்ததால் உப்பு குறைந்தது என்று சொல்ல இடமில்லை. அடைபட்டது கசிவு வழிதான். வேரின் வெளியடுக்கிலும் அகத்தோலிலும் சிலிக்கா படிவதே இதற்குக் காரணம் எனப் பின்னர் 2006இல் மற்றோர் ஆய்வு காட்டியது.

சிலிக்கான் கிடைத்த செடிகளில் ஆக்சிஜனேற்ற எதிர்ப்பு நொதிகள் கூடுதலாக இயங்குவதாகவும், பொட்டாசியம் நிலைத்திருப்பதாகவும் பல ஆய்வுகள் கூறுகின்றன. இவை சிலிக்கானின் நேரடி விளைவா, உப்பு குறைந்ததால் செடி நலமாக இருப்பதன் அடையாளமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு.

வயலில்

சிலிக்கான் குறைந்த மண்ணில்தான் அதை இடுவதன் பலன் நன்கு தெரியும். ஒவ்வொரு அறுவடையிலும் வைக்கோலோடும் உமியோடும் சிலிக்கான் வயலை விட்டு வெளியேறுகிறது. வைக்கோலை மடக்கி உழுவதும் உமிச்சாம்பல் இடுவதும் அதைத் திருப்பித் தரும் மலிவான வழிகள். உமியை எரித்தால் அதன் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சாம்பல் கிடைக்கும். அதில் பெரும்பகுதி சிலிக்கா. மிதமான வெப்பத்தில் எரித்த சாம்பலே எளிதில் கரையும். ஜப்பானில் இரும்பாலைக் கசடிலிருந்து பெறும் கால்சியம் சிலிக்கேட் 1955 முதல் உரமாக ஏற்கப்பட்டுள்ளது.

சிலிக்கான் மண்ணிலுள்ள உப்பை அகற்றுவதில்லை. 2004 ஆழிப்பேரலையில் கடல்நீர் புகுந்த நாகப்பட்டினம் வயல்களில் உப்பு இறங்கியது, பெரும்பாலும் மழைநீர் அதைக் கழுவிச் சென்றதால்தான். வடிகால் இல்லாத நிலத்தில் சிலிக்கானை மட்டும் நம்பிப் பணம் செலவிடுவது வீண்.

சோடியம் சிலிக்கேட்டை உவர் நிலத்தில் இடக் கூடாது. அது சோடியத்தைக் கூட்டுவதோடு மண்ணின் காரத்தன்மையையும் உயர்த்தும். இலைவழித் தெளிப்புக்கும் ஓர் எல்லை உண்டு. இலையில் படிந்த சிலிக்கா வேருக்குத் திரும்பிச் செல்வதில்லை என்பதால், வேரிலுள்ள கசிவு வழியை அது அடைக்காது.