மாமிக்கு ஓர் அறை

"டெனிஸ்காரர் தாய் தகப்பனைக் கொண்டுபோய் இல்லத்தில் விட்டுவிடுவார்கள்" என்று எங்கள் ஆட்கள் சொல்லும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். டென்மார்க்கின் மேற்கு யூலண்டில் ஒரு நகரசபைக்கு, இங்கே கொமூன் என்போம், வீட்டுப் பராமரிப்பு வேலை செய்கிறேன். காலையில் டெனிஸ் முதியவர்களுக்குக் குளிக்க வார்த்து, வீங்கிய கால்களுக்கு இறுக்கக் காலுறை மாட்டி, மருந்து கொடுத்துவிட்டு வந்தால், வீட்டில் எண்பது தாண்டிய என் மாமி இருக்கிறார். இரண்டு பக்கமும் பார்த்தவள் நான்.

நான் போகும் வீடுகளில் இருப்பவர்களை யாரும் கைவிடவில்லை. மகன் வீட்டில் ஒண்டியிருக்க அவர்களுக்கே விருப்பமில்லை; கதவுச் சாவி தம் கையில் இருக்கவேண்டும் என்பார்கள். முன்பு இந்த நாட்டிலும் மூன்று தலைமுறை ஒரே வளவில் இருந்ததுண்டு. தோட்டத்தை மகனுக்கு எழுதிக் கொடுக்கும் தகப்பன் கூடவே 'அஃப்தெக்ட்' என்ற ஒப்பந்தத்தையும் எழுதிக்கொள்வான். தங்க இடம், இத்தனை பீப்பாய் ரை தானியம், பால், விறகு, நோயில் பராமரிப்பு, கடைசியில் மரியாதையான அடக்கம் வரை அதில் இருக்கும். அதை நீதிமன்றத்தில் பதிந்தும் வைத்தார்கள். எனக்கு இந்த ஏற்பாட்டில் பெரிய மதிப்பு. பாசம் இல்லாததால் எழுதவில்லை. பாசத்தின் தலையில் எல்லாப் பாரத்தையும் ஏற்றக்கூடாது என்றே எழுதினார்கள். 1891இல் அரசு முதியோர் உதவித்தொகையைச் சட்டமாக்கியது. பிள்ளையின் கையை எதிர்பார்க்கும் தேவை மெல்லமெல்லக் குறைந்தது.

எங்கள் கதை வேறு. 1983க்குப் பிறகு இலங்கையிலிருந்து இங்கு வந்த தமிழர்களில் பெரும்பாலானோர் தனியாக வந்த இளைஞர்கள். மனைவி, பிள்ளைகளை அழைக்கச் சட்டப்படி உரிமை இருந்தும், 1987இல் நீதி அமைச்சர் எரிக் நின் ஹான்சன் தமிழர்களின் விண்ணப்பங்களைக் கிடப்பில் போடவைத்தார். அந்த விவகாரத்தில் 1993இல் பிரதமர் போல் ஸ்லூட்டர் பதவி விலகினார்; 1995இல் நின் ஹான்சனுக்கு நான்கு மாத ஒத்திவைத்த சிறைத்தண்டனை கிடைத்தது. அறுபது வயது கடந்த பெற்றோரை அழைக்கும் உரிமை 2002 வரை இருந்தது. மாமி தொண்ணூறுகளில் அப்படித்தான் வந்தார். அதன்பின் அந்த உரிமையை எடுத்துவிட்டார்கள். என் சிநேகிதியின் தாய் கடைசிவரை பருத்தித்துறையில் தனியாக இருந்தார். பேரப்பிள்ளைகளுக்கு அவர் தொலைபேசியில் கேட்ட குரல் மட்டுமே. எத்தனையோ தமிழ் வீடுகளில் ஒரு தலைமுறையே இல்லாமல் போனதற்குப் பிள்ளைகளின் மனம் காரணமல்ல, சட்டம் காரணம்.

யாழ்ப்பாணத்தில் வீடு மகளுக்குச் சீதனமாகப் போகும். முதுமையில் பெற்றோர் அவளோடு இருப்பார்கள். இங்கே யாரிடம் விசா இருந்ததோ அந்தப் பிள்ளையிடம் வந்தார்கள். எங்களுடையது எழுபதுகளில் கட்டிய மாடியில்லாச் செங்கல் வீடு. மாமிக்குக் கிடைத்தது பிள்ளைகளுக்கென்று கட்டிய சின்ன அறை. கட்டில் போட்டால் நடைவண்டி திரும்ப இடமில்லை. குளியலறைக் கதவு அதைவிட ஒடுக்கம்.

மாமி குளியலறையில் விழுந்தபின் நான் கொமூனிடம் உதவி கேட்டேன். வீட்டில் உடல்நலத்தோடு பெரியவர்கள் இருந்தால் கூட்டித் துடைக்க ஆள் தரமாட்டார்கள். குளிப்பாட்ட வருவார்கள், அதற்குக் காசு இல்லை. "மருமகள் இருக்க வெளியாள் எதற்கு?" என்று சொந்தத்தில் சிலர் கதைத்தார்கள். மாமிக்கும் முதலில் கூச்சம்தான். ஒருநாள் இரவு அவராகவே சொன்னார்: "பிள்ளை, நீ நாள் முழுக்க ஊராருக்குக் குளிக்க வார்த்துப்போட்டு வாறாய். எனக்கு அந்தப் பெட்டை வரட்டும். நீ வந்து என்னோட தேத்தண்ணி குடி."

அன்றிலிருந்து எனக்கு அவரோடு கதைக்க நேரம் கிடைத்தது. கூட்டுக்குடும்பத்தைப் புகழ்ந்து பேசுகிறவர்கள் அந்த வீட்டுப் பெண்ணின் முதுகெலும்பைப் பற்றிப் பேசுவதில்லை. வெளியிலிருந்து வரும் ஒரு கை இருப்பதால்தான் எங்கள் வீட்டில் மூன்று தலைமுறை சேர்ந்திருக்க முடிகிறது.

டெனிஸ்காரரும் தலைமுறைகளைச் சேர்த்துவைக்கப் பார்க்கிறார்கள். ஓகூஸ் (Aarhus) நகரத் துறைமுகத்தில் 2020இல் 'தலைமுறைகளின் வீடு' திறந்தார்கள். ஏறக்குறைய 300 குடியிருப்புகள். பராமரிப்பு தேவைப்படும் முதியவர்களும் இளைஞர்களும் குடும்பங்களும் இருக்கிறார்கள், குழந்தைகள் காப்பகமும் உண்டு. இரத்த உறவு இல்லாதவர்களே அங்கே சேர்ந்து வாழ்கிறார்கள்.

அகதியாய் வந்த அந்த இளைஞர்கள் இப்போது தாத்தாக்கள். நானும் கணவரும் எங்கள் மகளோடு உட்கார்ந்து, அந்தப் பழைய விவசாயிகளைப் போல ஒரு தாள் எழுதினோம். குளிப்பாட்டுவது அவள் வேலையல்ல. நாங்கள் இந்த வீட்டை விற்று அவளுக்குப் பக்கத்தில் போவோம். ஞாயிறு மதியம் சோறு ஒன்றாக. கீழே அவளும் ஒரு வரி சேர்த்தாள்: பேரப்பிள்ளைகளைத் தமிழ்ப் பள்ளிக்குக் கூட்டிப்போவது அப்பாவின் பொறுப்பு.