கார்பெட் விரியாத கார்பெட் ஏரியா

வேளச்சேரியில் 1,110 சதுர அடி என்று விற்கப்பட்ட ஒரு ஃபிளாட்டுக்குள் டேப்போடு போகிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வெளிச்சுவரின் உள்முகத்திலிருந்து எதிர்ச்சுவர் வரை இரண்டு வாக்கிலும் அளந்து பெருக்கினால் 800தான் வருகிறது. ஆனால் விற்றவர் பொய் சொல்லவில்லை. 'ஏரியா' என்ற ஒரே ஆங்கிலச் சொல்லை வைத்துக்கொண்டு அவர் ஒன்றை அளந்தார், நாம் இன்னொன்றை அளக்கிறோம்.

காணாமற்போன 310 சதுர அடியைத் தேடுவோம். உள்ளளவு 25-க்கு 32 அடி. சுற்றிலும் 9 அங்குலச் சுவர். அதையும் சேர்த்தால் ஒவ்வொரு பக்கமும் ஒன்றரை அடி கூடி 26.5-க்கு 33.5 ஆகிறது, பெருக்கினால் ஏறக்குறைய 888. வெளிச்சுவர் மட்டுமே ஒரு சின்னப் படுக்கையறை அளவு இடத்தை விழுங்கியிருக்கிறது! இந்த 888-க்குப் பெயர் பில்ட்-அப் ஏரியா, அதாவது கட்டுமானப் பரப்பு. மாடிப்படி, லிஃப்ட், நடைவழி இவற்றில் நம் பங்காக 25 சதவீதம் ஏற்றினால் 1,110 வந்துவிடும். அதுதான் சூப்பர் பில்ட்-அப். ஏற்றுவதற்கு புரோக்கர்கள் சொல்லும் பெயர் 'லோடிங்'. வீட்டுக்குள்ளேயே இல்லாத இடங்களுக்கு 'சூப்பர்' என்று பெயர் வைத்தவரின் துணிச்சலைப் பாராட்டத்தான் வேண்டும்.

இந்தக் குழப்பத்துக்குள் 2016-இல் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் நுழைந்தது. சூப்பர் பில்ட்-அப்பை அது கண்டுகொள்ளவே இல்லை. கார்பெட் ஏரியாவுக்கு மட்டும் வரையறை எழுதி, பதிவு செய்யப்படும் திட்டங்களில் அதைத் தெரிவித்தாக வேண்டும் என்றது. பேச்சுவழக்கில் கார்பெட் ஏரியா என்றால் கம்பளம் விரிக்கக்கூடிய இடம். சட்டத்தைப் படித்தால் தூக்கிவாரிப்போடும். தாராளமாகக் கம்பளம் விரிக்கலாம் என்கிற பால்கனி கணக்கில் இல்லை. சொந்த மொட்டைமாடியும் இல்லை. கம்பளமே நுழைய முடியாத உள்தடுப்புச் சுவரின் அடிப்பரப்போ கணக்கில் உண்டு.

நாம் அளந்த வீட்டில் நாலரை அங்குலத் தடுப்புச் சுவர்கள் மொத்தம் 60 அடி நீளம் ஓடினால், அவை அடைத்துக்கொள்ளும் இடம் 22.5 சதுர அடி. அறை அறையாக அளப்பவருக்கு 800 கிடைக்காது, 777 சொச்சம்தான் கிடைக்கும். சட்டப்படி 800. சொல்லின் நேர்ப்பொருளைப் பார்த்தால் சட்டம்தான் கோணல். ஆனாலும் நான் சட்டத்தின் பக்கம்தான். நாளைக்கே ஹாலையும் சமையலறையையும் பிரிக்கும் சுவரை இடித்துவிட்டாலும், பூஜைக்கென்று புதிதாக ஒரு தடுப்பு எழுப்பினாலும், பத்திரத்தில் எழுதிய எண் அசையாது. அசையாச் சொத்துக்கு அசையாத அளவு!

எழுத்திலேயே இன்னொரு சிக்கல் உண்டு. 'பிளாட் விற்பனைக்கு' என்ற பலகையில் ஆய்தம் விடுபட்டிருந்தால், விற்பது அடுக்குமாடி வீடா காலி மனையா என்று போன் போட்டுத்தான் கேட்க வேண்டும்.

காலி மனை என்றால் அடுத்த சொல் கிரவுண்டு. ஆங்கிலம் பேசும் வேறு ஊர்க்காரருக்கு அது தரை, மைதானம். சென்னைக்காரருக்கு அச்சுப்பிசகாமல் 2,400 சதுர அடி, 40-க்கு 60. மதராஸ் வட்டாரத்தில் 'மனை' என்று வழங்கிய நில அளவைத்தான் வெள்ளைக்காரர்கள் அப்படி அழைத்தார்கள். 24 மனை ஒரு காணி. அதாவது 57,600 சதுர அடி, சுமார் 1.32 ஏக்கர். 1886-இல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதியில் கிரவுண்டுக்குத் தனிப் பதிவே இருக்கிறது. கட்டடம் எழுப்பும் மேஸ்திரிக்கோ இந்தச் சொற்கள் எதுவும் வேண்டாம். அவர் கணக்கு சதுரம்; ஒரு சதுரம் 100 சதுர அடி.

எனக்கு எல்லாவற்றையும்விட வியப்பு யூ.டி.எஸ். பத்திரங்களில் அதற்குப் 'பிரிபடாத பாகம்' என்று பெயர். ஒரு கிரவுண்டில் சம அளவில் எட்டு ஃபிளாட் இருந்தால் ஆளுக்கு 300 சதுர அடி நிலம். அது எங்கே இருக்கிறது என்று யாராலும் கைகாட்ட முடியாது. மாமரத்தடியிலும் இருக்கிறது, கார் நிறுத்துமிடத்திலும் இருக்கிறது, எதிர்வீட்டுக்காரர் சமையலறைக்குக் கீழேயும் இருக்கிறது. கட்டடம் பழசாகி, எட்டுப் பேரும் கூடி இடித்துக் கட்டலாம் என்று பில்டரைக் கூப்பிட்டால், அவர் முதலில் கேட்பது அந்த 300-ஐத்தான்.