சிறுகடனும் எமது வேளாண்மையும்

மட்டக்களப்பு நகரில் இருந்து வலையிறவுப் பாலத்தைக் கடந்தால் வவுணதீவு. அதற்கு அப்பால் வயல்வெளியும் மேய்ச்சல் தரையும் உன்னிச்சைக் குளத்துப் பக்கம் வரை நீண்டு கிடக்கின்றன. இந்தப் படுவான்கரையில் வாழும் எம்மவர் பலர் 1990இலும், மீண்டும் 2007 மார்ச் மாதத்திலும் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு எழுவான்கரைக்கு ஓடியவர்கள். திரும்பி வந்தபோது கூரை இருக்கவில்லை, பட்டியில் மாடு இருக்கவில்லை, விதைநெல் இருக்கவில்லை. வயல் மட்டும் இருந்தது. அதை உழுவதற்குக் காசு வேண்டியிருந்தது.

அந்தக் காசு யாரிடம் இருந்து வந்தது, என்ன விலைக்கு வந்தது என்பதையே இங்கு நோக்க விரும்புகிறோம். சிறுகடன் நல்லதா கெட்டதா என்று கூட்டங்களில் எம்மிடம் கேட்கிறார்கள். ஒரே சொல்லில் பதில் சொல்ல எம்மால் முடிவதில்லை.

வங்கிக்குப் போனால் காணி உறுதி கேட்பார்கள், அல்லது அரச உத்தியோகத்தர் இருவரின் பிணை கேட்பார்கள். எமது குடும்பங்களில் பலருக்கு உள்ளது அனுமதிப்பத்திரக் காணி. உறுதி இருந்தவர்களிலும் பலர் அதை இடப்பெயர்வில் தொலைத்துவிட்டார்கள். ஆகவே முன்பெல்லாம் கடன் என்றால் மூன்று வழிதான். நகையை அடகு வைப்பது, வட்டிக்காரரிடம் போவது, அல்லது யாவாரியிடம் முற்பணம் வாங்கி அறுவடையில் அவர் சொன்ன விலைக்கு நெல்லை அளந்து கொடுப்பது. 2009இல் போர் முடிந்த பின்னர் நான்காவது வழி ஒன்று பாலத்தைக் கடந்து மோட்டார் சைக்கிளில் வந்தது. அதுதான் நுண்கடன். உறுதி வேண்டாம், அரச உத்தியோகத்தரின் பிணை வேண்டாம். பெண்கள் சிலர் ஒரு குழுவாகச் சேர்ந்து ஒருவருக்கொருவர் பிணை நின்றால் போதும். வீட்டு வாசலிலேயே காசு கிடைக்கும். அதை வாங்கியவர்களை நாம் குறை சொல்லமாட்டோம். வேறு யாரும் அவர்களை நம்பிக் காசு கொடுக்க வரவில்லை.

இந்த முறை பிறந்த இடம் பங்களாதேஷ். 1976இல் சிட்டகாங் பல்கலைக்கழகத்தில் பொருளியல் கற்பித்த முகம்மது யூனுஸ், பக்கத்துக் கிராமமான ஜோப்ராவில் மூங்கிலால் முக்காலி பின்னும் பெண்களைக் கண்டார். மூங்கில் வாங்கக் காசு கொடுத்தவரே முக்காலிக்கு விலையும் வைத்தார். 42 பேருக்குத் தேவைப்பட்ட மொத்தப் பணம் 27 டொலர் மட்டுமே. அதை அவர் தம் கையால் கொடுத்தார். 1983இல் அது கிராமீன் வங்கி ஆயிற்று. 2006இல் அவருக்கும் வங்கிக்கும் நோபல் சமாதானப் பரிசு கிடைத்தது. எமது நாட்டில் 1995இல் தொடங்கிய சமுர்த்தியிலும் ஐவர் கொண்ட சிறு குழு முறை இருந்தது பலருக்கு நினைவிருக்கும்.

ஒரு விடயத்தைக் கவனியுங்கள். முக்காலி பின்னுகிறவருக்கு இன்று பின்னினால் நாளை காசு. ஆகவே வாரத் தவணை அவருக்குப் பொருந்தியது. எமது ஊரிலும் பால் கொடுப்பவர், தயிர் விற்பவர், இடியப்பம் அவிப்பவர், சிறு கடை வைத்திருப்பவர் கையில் அன்றாடம் சில்லறை புழங்கும். வேளாண்மை அப்படி அல்ல. பெரும்போகத்துக்கு ஒக்டோபரில் விதைத்தால் மாசி, பங்குனியில்தான் அறுவடை. இடையில் வரும் மாரி மாதங்களில் கூலி வேலையும் குறைவு, வாவியில் தொழிலும் சீராக இராது. வீட்டில் அரிசிப் பானை காலியாகும் காலமும் அதுதான்.

இப்போது ஒரு கணக்குப் பார்ப்போம். ஒருவர் ஒக்டோபரில் 52,000 ரூபா கடன் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வட்டி வருடத்துக்கு 24 வீதம் என்கிறார்கள். வட்டி 12,480 ரூபா. மொத்தம் 64,480 ரூபாவை 52 வாரத்தில் கட்ட வேண்டும். வாரத் தவணை 1,240 ரூபா. விதைப்பில் இருந்து அறுவடை வரை 20 வாரம் என்று கொண்டால், முதல் நெல் வீட்டுக்கு வர முன்னரே 24,800 ரூபா கட்டி முடித்திருக்க வேண்டும். அதாவது எடுத்த கடனில் ஏறக்குறைய பாதி. அந்தக் காசு எங்கிருந்து வரும்? எடுத்த கடனிலேயே ஒரு பகுதியைத் தவணைக்கென்று முடிந்து வைக்க வேண்டும், அல்லது இன்னொரு நிறுவனத்தில் இன்னொரு கடன் எடுக்க வேண்டும். இரண்டாவது கடனைக் கட்ட மூன்றாவது. தொல்லை தொடங்குவது இங்கேதான். வாங்கியவர் சோம்பேறி என்பதாலோ செலவாளி என்பதாலோ அல்ல. நெல்லின் காலம் ஒன்று, தவணையின் காலம் வேறொன்று.

வட்டியிலும் ஒரு சூட்சுமம் உண்டு. மேலே சொன்ன கணக்கில் வாரம் 1,000 ரூபா முதல் குறைந்துகொண்டே வருகிறது. முதல் வாரம் கையில் இருப்பது 52,000, கடைசி வாரம் 1,000. வருடம் முழுவதற்கும் சராசரி பார்த்தால் 26,500 ரூபாதான் எம்மிடம் இருந்திருக்கிறது. ஆனால் வட்டி கட்டியது 52,000 ரூபாவுக்கு. எனவே 24 வீதம் என்று சொல்லப்பட்டது உண்மையில் 40 வீதத்தைத் தாண்டுகிறது. பத்திரக் கட்டணம், காப்புறுதி என்று முன்கூட்டியே கழித்தால் இன்னும் கூடும். கைச்சாத்து வைக்க முன் “வட்டி எத்தனை வீதம்?” என்று மட்டும் கேட்காதீர்கள். “எனது கையில் எவ்வளவு தருவீர்கள், நான் மொத்தமாக எவ்வளவு தருவேன், எந்தத் திகதிகளில்?” என்று கேளுங்கள். எழுத்திலும் வாங்குங்கள். விளங்காத பத்திரத்தில் ஒப்பம் வைக்கவேண்டாம். வங்கி அட்டையையோ அடையாள அட்டையையோ எவரிடமும் ஒப்படைக்கவும் வேண்டாம்.

குழுப் பிணையின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ஒருவர் தவறினால் மற்றவர்கள் அவருக்காகக் கட்ட வேண்டும். கட்டும் வரை கூட்டத்தை விட்டு எழும்பவும் விடமாட்டார்கள் என்று பெண்கள் எம்மிடம் சொல்லியிருக்கிறார்கள். ஒரே ஊரில் பிறந்து வளர்ந்தவர்கள் இடையிலேயே இது மனக்கசப்பைத் தரும். மீள்குடியேற்றத்தில் வெவ்வேறு ஊரவர் அயலவரான இடங்களில், அப்போதுதான் உண்டாகி வந்த உறவையும் அது அறுத்துவிடுகிறது.

2016இல் நுண்நிதிச் சட்டம் வந்தது. 2018இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில், தவணை தவறிய பெண்களின் ஒரு இலட்சம் ரூபா வரையான நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசாங்கம் முன்வந்தது. மட்டக்களப்பும் அதில் அடங்கியது. நுண்கடனுக்கு வருடத்துக்கு 35 வீதம் என வட்டி உச்சவரம்பும் அறிவிக்கப்பட்டது. அதே வருடம் இலங்கைக்கு வந்த ஐக்கிய நாடுகளின் கடன் தொடர்பான நிபுணர், தவணை சேர்ப்போர் பெண்களை நடத்தும் விதம் பற்றிக் கவலை வெளியிட்டார். இவை நல்லவைதான். ஆனால் 35 வீதம் என்பதே சிறிய வட்டி அல்ல. வயலில் இருந்து அந்த வீதத்தில் இலாபம் எடுப்பது எவ்வளவு கடினம் என்பது வேளாண்மை செய்பவருக்குத் தெரியும். 2011 ஜனவரி வெள்ளத்தில் கதிர் முற்றிய வயல்கள் நீரில் கிடந்ததை யாரும் மறக்கவில்லை.

வேறு வழி இல்லையா? உண்டு. அது புதியதும் அல்ல. 1906இலேயே மலைநாட்டில் தெல்தெனியாவில் கடனுதவிச் சங்கம் ஒன்று தோன்றிவிட்டது. 1911இல் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கான சட்டமும் வந்தது. நலிந்துபோயிருந்த சிக்கனக் கடனுதவிச் சங்கங்களை 1978 முதல் சணச இயக்கம் மீண்டும் தூக்கி நிறுத்தியது. அங்கத்தவரின் சேமிப்பே அங்கத்தவருக்குக் கடனாகப் போகும், வட்டி சங்கத்துக்கே திரும்பி வரும் என்பது அதன் அடிப்படை.

ஆபிரிக்காவில் எம்மைப் போலவே மழையை நம்பி வாழும் மக்கள் இதை இன்னும் எளிமையாகச் செய்கிறார்கள். நைஜர் நாட்டின் மராடிப் பகுதியில் 1991இல் கெயர் நிறுவனத்தின் உதவியோடு பெண்கள் சேமிப்புக் குழுக்களைத் தொடங்கினார்கள். வெளியில் இருந்து ஒரு சதமும் வரவில்லை. வாராவாரம் சேமித்து, அதில் இருந்தே கடன் கொடுத்து, ஒரு காலம் முடிந்ததும் வட்டியோடு பங்கிட்டுக்கொண்டார்கள். இந்த முறை பிறகு ஆபிரிக்காவின் பல நாடுகளுக்குப் பரவியது. பெட்டிக்கு மூன்று பூட்டு, மூன்று திறப்பும் மூன்று பேரிடம், பெட்டி நான்காவது ஒருவரிடம். எல்லோர் முன்னிலையிலும் மட்டுமே திறப்பார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரும் எண்ணுவதைக் கண்ணால் பார்க்கலாம் அல்லவா?

கென்யாவில் 2006இல் தொடங்கிய ஒரு அமைப்பு இன்னொன்று செய்தது. விவசாயிக்குக் காசாக அல்லாமல் விதையும் பசளையுமாகக் கடன் கொடுத்தது. வாரத் தவணை என்று நிர்ப்பந்திக்கவில்லை. போகம் முடிவதற்குள் விரும்பிய நேரம் விரும்பிய தொகையைக் கட்டலாம். எமது வயலுக்குப் பொருந்துவது இந்த ஏற்பாடுதான் என்பது எமது எண்ணம்.

20 குடும்பங்கள் சேர்ந்து வாரம் 100 ரூபா போட்டால் வாரத்துக்கு 2,000. பெரும்போக அறுவடை முடிந்து சித்திரையில் தொடங்கினால், விதைப்புக்கு முன் 24 வாரம் கிடைக்கும். பெட்டியில் 48,000 ரூபா சேரும். நால்வருக்கு 12,000 வீதம் கொடுக்கலாம். ஓர் ஏக்கரின் முழுச் செலவுக்கும் அது காணாதுதான். முதல் உழவுக்கு ஒரு கை கொடுக்கும். மாதம் 2 வீத வட்டியில், ஐந்து மாதம் கழித்து நெல் விற்று ஒரே தடவையில் 13,200 ரூபாவாகத் திருப்பலாம். பால்மாடு வைத்திருப்பவர் என்றால் மாதம் 1,000 ரூபாவும் நிலுவைக்கு மட்டும் வட்டியும் கட்டலாம். 12 மாதத்துக்கும் வட்டி 1,560 ரூபாதான். நிலுவை குறையக் குறைய வட்டியைக் குறைக்காமல் முழுத் தொகைக்கும் எடுத்திருந்தால் 2,880 ஆகியிருக்கும். யாருக்கு முதலில் கொடுப்பது என்பதில் சண்டை வரும். அதைச் சித்திரையிலேயே பேசி எழுதிவிடுவது நல்லது.

இடம்பெயர்ந்து பழகிய எமக்கு இன்னொரு கேள்வியும் உண்டு. மீண்டும் ஓட நேர்ந்தால், அல்லது வெள்ளம் வந்தால் பெட்டி என்னாகும்? அதனால் பெட்டியில் அதிகம் வைக்கவேண்டாம். அந்த வாரக் கடனுக்குப் போக மிஞ்சுவதை மூவர் ஒப்பம் வைக்கும் வங்கிக் கணக்கில் இடுங்கள். மூவரில் இருவர் ஒப்பமிட்டால் எடுக்கலாம் என்று தொடக்கத்திலேயே எழுதிக் கொடுங்கள். ஒருவர் தூரத்து முகாமில் இருந்தாலும் காசு முடங்காது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனிச் சேமிப்புப் புத்தகம் இருக்கட்டும். அதைப் பிறப்புச் சான்றிதழோடும் காணிப் பத்திரத்தோடும் ஒரே பிளாத்திக்குப் பையில் போட்டு வாசலுக்குக் கிட்ட, கைக்கு எட்டும் உயரத்தில் கட்டி வையுங்கள்.