பகல் நிறுவைக்கு நல்லாத்தான் இருந்தா

தேயிலைத் தோட்டத்தில் யாரும் கடிகாரம் பார்த்து நேரம் சொல்வதில்லை. சங்கு ஊதின நேரம், பெரட்டு கலைஞ்ச நேரம், கொழுந்து நிறுக்கும் காலை நிறுவை, பகல் நிறுவை, அந்தி நிறுவை, பிள்ளைக் காம்பராவில் பிள்ளையைத் தூக்கின நேரம். இவைதான் எங்கள் மணிகள். மடுல்சீமை, லுணுகலை, பசறைப் பக்கத்துத் தோட்டங்களில் முப்பத்திரண்டு வருடம் வைத்திய உதவியாளராக இருந்தவன் நான். மக்கள் வாயில் ‘டாக்டரய்யா’. நான் டாக்டர் இல்லை என்று முதல் இரண்டு வருடம் திருத்திப் பார்த்தேன், பிறகு விட்டுவிட்டேன்.

2019இல் ஒரு நாள். பிற்பகல் மூன்று மணிக்கு, கொழுந்து மலையில் ஒரு அக்கா நிரைக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டாள் என்று ஆள் ஓடி வந்தது. போய்ப் பார்த்தால் வாய் ஒரு பக்கம் கோணியிருக்கிறது. வலது கை தொங்குகிறது. பேச வருகிறாள், வார்த்தை வரவில்லை. சுற்றி நின்ற பெண்கள் காலைத் தேய்க்கிறார்கள். ஒருத்தி சாயத்தண்ணி ஊற்றப் போனாள், கோப்பையைப் பிடுங்கி வைத்தேன். தோட்டத்து லொறியில் பசறை வரைக்கும், அங்கிருந்து ஆம்புலன்ஸில் பதுளைக்கும் போய்ச் சேரும்போது ஐந்து பத்து.

வாசலிலேயே டாக்டர் கேட்ட முதல் கேள்வி, “கடைசியா எத்தனை மணிக்கு நல்லா இருந்தாங்க?”

புருஷன்காரர் சொன்னார், “பகல் நிறுவைக்கு நல்லாத்தான் இருந்தா சார்.”

பகல் நிறுவை என்றால் பன்னிரண்டு மணி. அந்தப் பதிலோடு விட்டிருந்தால் அந்த அக்காவின் வைத்தியம் அங்கேயே பாதியாகக் குறைந்திருக்கும். ஏன் என்று சொல்கிறேன்.

பாரிசவாதத்தில் இரண்டு வகை. மூளைக்குப் போகும் இரத்தக் குழாயில் கட்டி அடைத்துக்கொள்வது ஒன்று, குழாய் வெடித்துக் கசிவது மற்றது. வெளியே பார்க்க இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். முப்பது வருட அனுபவம் இருந்தாலும் முகத்தைப் பார்த்துப் பிரித்துச் சொல்ல முடியாது, சீ.ரீ. ஸ்கேன்தான் சொல்லும். எங்கள் பக்கத்தாருக்கு ஸ்கேன் என்றால் பதுளை. அடைப்பு என்று தெரிந்தால் கட்டியைக் கரைக்கும் ஊசி ஒன்று உண்டு. மூன்று மணி நேரத்துக்குள் போட்டால் பலன் என்று 1995இல் அமெரிக்காவில் நிரூபித்தார்கள். 2008இல் ஐரோப்பிய ஆய்வு ஒன்று அதை நாலரை மணி நேரம் வரை நீட்டியது. கசிவு உள்ளவருக்கு அதே ஊசியைப் போட்டால் ஆளையே கொன்றுவிடக்கூடும். வெறும் சந்தேகத்தில் டிஸ்பிரின் கூடக் கொடுக்காதீர்கள் என்று நான் கத்துவதும் அதனால்தான்.

அந்த நாலரை மணி நேரத்தை எங்கிருந்து எண்ணுவது? ஆளைக் கீழே கிடக்கக் கண்ட நேரத்திலிருந்து எண்ணக்கூடாது. கடைசியாக நல்ல நிலையில் பார்த்த நேரத்திலிருந்துதான் எண்ண வேண்டும். பன்னிரண்டு மணி என்றால் நாலரைக்கே கதவு சாத்தியாச்சு.

நான் வெளியே வந்து, கூட வந்த பெண்ணிடம் குடைந்தேன். “பகலுக்குப் பிறகு அக்கா யார்கிட்டயாவது பேசினாளா?”

அவள் யோசித்தாள். “பள்ளிக்கூடம் விட்டு பேரன் ரோட்டோட போனான்ல டாக்டரய்யா, அப்ப மேல இருந்து சத்தம் போட்டாங்க. பானையில சோறு இருக்கு, தின்னுட்டு விளையாடுன்னு.”

பள்ளிக்கூடம் விடுவது ஒன்றரைக்கு. பையன் அந்த மலைக்குக் கீழே வர இரண்டு மணியாகும். இரண்டு மணிக்குத் தெளிவாகப் பேசியிருக்கிறாள்! ஆறரை வரைக்கும் நேரம் இருக்கிறது. ஓடிப் போய்ச் சொன்னேன். ஸ்கேன் எடுத்தார்கள், அடைப்புதான். பிரசர் கூடிக் கிடந்ததை முதலில் இறக்கினார்கள். 185க்கு 110ஐத் தாண்டியிருந்தால் ஊசி போட மாட்டார்கள். ஆறு ஐந்துக்கு ஊசி ஏறியது.

அந்த அக்கா இன்று நடக்கிறாள். வலது கை விரல்கள் கொழுந்து கிள்ளும் அளவுக்குத் திரும்பவில்லை, ரொட்டி தட்டும் அளவுக்குத் திரும்பியிருக்கின்றன. ஊசி மந்திரம் இல்லை. 6756 நோயாளிகளின் விவரங்களைச் சேர்த்து 2014இல் லான்செட் இதழ் வெளியிட்ட கணக்குப்படி, மூன்று மணி நேரத்துக்குள் ஊசி போட்ட பத்துப் பேரில் ஒருவர் கூடுதலாக ஏறக்குறைய முழுதாகத் தேறுகிறார். மூன்றிலிருந்து நாலரைக்குள் என்றால் இருபது பேரில் ஒருவர். அதற்குப் பிறகு பலன் கரைந்துபோகிறது. சிலருக்கு ஊசியாலேயே மூளையில் இரத்தம் கசியும் ஆபத்தும் உண்டு. அதனால் டாக்டரைச் சம்மதிக்க வைப்பதற்காக நேரத்தைக் கூட்டியோ குறைத்தோ சொல்லாதீர்கள். ‘இப்பத்தான் சார்’ என்று பொய் சொன்ன ஒரு மகனை எனக்குத் தெரியும். அந்தக் கதையை இங்கே எழுத மனம் வரவில்லை.

அடைப்பு வந்த மூளையில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 19 இலட்சம் நரம்புக் கலங்கள் சாகின்றன என்று 2006இல் கணக்கிட்டார்கள். இதைத் தோட்டத்துக் கூட்டத்தில் சொன்னபோது ஒரு பெரியவர் கேட்டார், “அப்ப நம்ம லொறி பெர்மிஷன் கிடைக்கிற நேரத்துல எத்தனை போகும்?” கூட்டம் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை, அந்த நேரத்தை நான் நின்று பார்த்திருக்கிறேன். துரை பங்களாவில் இல்லை, டிரைவர் டவுனுக்குப் போயிருக்கிறார், டீசல் புத்தகத்தில் கையெழுத்து வேண்டும். இப்போது 1990 என்ற இலக்கம் இருக்கிறது. இந்திய உதவியோடு 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, பிறகு எங்கள் பக்கமும் வந்த சுவசெரிய ஆம்புலன்ஸ். காசு கிடையாது. ஆனால் லயத்து வாசலுக்கு அது வராது. ஆளை நாற்காலியில் வைத்துத் தூக்கி, வாகனம் வரும் ரோட்டுக்குக் கொண்டுவரும் வேலை நம்முடையது. கூப்பிடும்போதே எந்தச் சந்தி, எந்த டிவிசன் என்று சொல்லிவிட்டால் பத்து நிமிடம் மிச்சம்.

ரோட்டை விடவும் அதிக நேரத்தைத் தின்பது வேறொன்று. கை மரத்துப்போனதைக் காலையிலேயே உணர்ந்தும் பல பெண்கள் சொல்வதில்லை. நிரையை விட்டு இறங்கினால் கிலோ குறையும், கிலோ குறைந்தால் அரைப் பேரு, அதாவது அரை நாள் சம்பளம்தான். அந்தி நிறுவை முடியட்டும் என்று கூடையைச் சுமந்துகொண்டு நிற்கிறார்கள். பத்து நிமிடத்தில் மரப்பு சரியாகிவிட்டால் ‘வாயு’ என்று விட்டுவிடுகிறார்கள். அது வாயு இல்லை. வந்துவிட்டுப் போன அடைப்பு. திரும்பி வரும் ஆபத்து அடுத்த சில நாட்களில்தான் அதிகம். அன்றைக்கே காட்ட வேண்டும்.

ஆண்களுக்கு வேறு சிக்கல். சம்பள நாள் இரவு நாக்குக் குழறி, தள்ளாடி வந்தவரை ‘போட்டிருக்காரு’ என்று திண்ணையில் கிடத்திவிட்டுத் தூங்கிய வீட்டை நான் கண்டிருக்கிறேன். விடியும்போது ஒரு பக்கம் வராமல் கிடந்தார். தூக்கத்தில் வந்துவிட்டால் படுக்கப் போன நேரம்தான் கணக்கு. ஐந்தில் ஒருவருக்கு இப்படித்தான் தூங்கி எழும்போது தெரியவருகிறது. விசேஷ ஸ்கேன் வைத்து அவர்களில் சிலருக்கும் ஊசி போடலாம் என்று 2018இல் காட்டியிருக்கிறார்கள். குழாய்க்குள் கம்பி விட்டுக் கட்டியை இழுத்தெடுக்கும் முறையும் உண்டு, நம் நாட்டில் அது இன்னும் அரிது.

நேரத்தோடு கிழமையும் சேர்ந்துகொள்கிறது. கனடாவில் பாரிசவாதத்தோடு சேர்க்கப்பட்ட 26,676 பேரைப் பார்த்து 2007இல் எழுதினார்கள்: வார நாளில் வந்தவர்களில் நூற்றுக்கு 7.0 பேர் ஏழு நாளுக்குள் இறந்தார்கள், சனி ஞாயிறில் வந்தவர்களில் 8.1 பேர். கிராமத்து ஆஸ்பத்திரிகளில் இந்த வித்தியாசம் இன்னும் பெரிதாம். பணக்கார நாட்டிலேயே இப்படி. ‘நாளைக்குத் திங்கக்கிழமை, பெரிய டாக்டர் வருவார், அப்ப கூட்டிட்டுப் போவோம்’ என்று இதற்கு அர்த்தம் எடுத்துக்கொள்ளாதீர்கள். ஞாயிறு இரவு பத்துக்குப் போனாலும் திங்கள் காலை எட்டை விட அது மேல்.

நேரம் தாண்டிவிட்டது, இனி எதற்கு என்று எண்ணெய் தேய்க்க வீட்டிலேயே வைத்துக்கொள்வதும் தவறு. ஊசி கிடைக்காதவருக்கும் ஆஸ்பத்திரியில் காரியம் இருக்கிறது. விழுங்க முடிகிறதா என்று பார்த்துச் சோறு தருவார்கள். இல்லாவிட்டால் கஞ்சி நெஞ்சுக்குள் போய் நியூமோனியா. பிரசர், சீனி, படுக்கைப் புண், கை கால் பயிற்சி என்று கவனிக்கும் தனிப் பிரிவில் வைத்தாலே சாவும் ஊனமும் குறைகின்றன.

உலகப் பாரிசவாத நாள் ஒக்டோபர் 29. எங்கள் மாகாணத்து மலைநாட்டுத் தமிழருக்கு அந்தத் தேதி வேறு காரணத்துக்காக நினைவிருக்கும். 2014இல் அதே நாள் காலையில்தான் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்து என்று 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தார்கள். எச்சரிக்கை வந்தது, மாற வீடு வரவில்லை. பிரசர் குளிசை விஷயத்திலும் எனக்கு அதே எரிச்சல். ‘பிரசர் இருக்கு, கிளினிக்குக்கு வா’ என்று எழுதிக் கொடுப்போம். கிளினிக் போனால் ஒரு பேரு போகும், பஸ் காசு போகும். அவள் வரவில்லை என்று அட்டையில் குறித்து வைப்போம்.

ஓய்வு பெற்றபின் பசறையில் இருக்கிறேன். நான் வேலை பார்த்த தோட்டங்களில் இளந்தாரிகளுக்கு ஒரே ஒரு பாடம்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன்: வாய் கோணினால், கை தூக்க முடியாவிட்டால், பேச்சுக் குழறினால் 1990, கையோடு நேரம். எழுதத் தாள் இல்லாவிட்டால் உள்ளங்கையில் எழுது.

போன மாதம் இரவு போன் அடித்தது. லுணுகலைப் பக்கத்துப் பையன்.

“டாக்டரய்யா, இப்ப மணி எட்டு இருவது. எட்டு மணிக்கு அப்பா சோறு தின்னப்ப நல்லா பேசினாரு. இப்ப வாயி கோணிருச்சு.”

“1990க்கு அடிச்சியா?”

“அடிச்சாச்சு. சந்திக்கு வரச் சொல்லியிருக்கு. நாற்காலியில தூக்கிட்டு இறங்கிக்கிட்டே பேசுறேன்.”

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை.