இப்போதா? அப்புறமா? நெற்றிக்குள் ஒரு கணக்கு!

குட்டீஸ், உங்களுக்கு ஒரு கேள்வி. இப்போதே வேண்டும் என்றால் ஒரு கடலை மிட்டாய். சாயங்காலம் வரை பொறுத்திருந்தால் இரண்டு. எதைக் கேட்பீர்கள்?

"இரண்டு!" என்று சிலர் சொல்வீர்கள். "இருக்கிற ஒன்றை முதலில் கொடுங்கள்" என்று சிலர் கை நீட்டுவீர்கள். இரண்டுமே தப்பான பதில் இல்லை. ஆனால், பதில் சொல்வதற்கு முன்னால் ஒரு நொடி யோசித்தீர்கள் அல்லவா? அந்த ஒரு நொடிக்குள் உங்கள் நெற்றிக்குப் பின்னால் ஒரு பெரிய கணக்கே நடந்து முடிந்துவிட்டது. அது என்ன கணக்கு என்று பார்ப்போமா?

விதைநெல் சொல்லும் பாடம்

இந்தக் கணக்கை நன்றாகப் போடத் தெரிந்தவர்கள் நம் நெல் விவசாயிகள். திருவாரூர் மாவட்டத்தில் நன்னிலம் என்று ஓர் ஊர் இருக்கிறது. நன்மை + நிலம் = நன்னிலம் என்று இலக்கண வகுப்பில் பிரித்து எழுதலாம். பெயருக்கு ஏற்றபடி, காவிரித் தண்ணீர் பாயும் வயல்கள் சூழ்ந்த ஊர்.

அந்தக் காலத்தில் இந்தப் பக்கத்து வீடுகளில் அறுவடை முடிந்ததும் நல்ல நெல்லாகப் பார்த்து, காய வைத்து, தூற்றி, விதைக்கென்று தனியாக எடுத்து வைப்பார்கள். குதிரில் சாப்பாட்டு நெல் குறைந்து போனாலும் விதைநெல்லில் கை வைக்க மாட்டார்கள். இன்று பலர் விதையை விலைக்கு வாங்குகிறார்கள். ஆனாலும், பாரம்பரிய நெல் பயிரிடுபவர்கள் இன்றும் தங்கள் விதையைத் தாங்களே பாதுகாக்கிறார்கள்.

ஏன் அப்படி? ஒரு நெல்லை இன்று குத்திச் சமைத்தால் ஒரே ஒரு சோற்றுப் பருக்கை. அதையே விதைத்தால், பல தூர்கள் வெடித்து, நூற்றுக்கணக்கான நெல்மணிகள்! ஆனால், அதற்குக் காத்திருக்க வேண்டும். குறுவை என்றால் சுமார் நான்கு மாதம். மாப்பிள்ளைச் சம்பா போன்ற நெல் என்றால் ஐந்து மாதத்துக்கும் மேல்.

பசி 'இப்போதே' என்கிறது. யோசனை 'அப்புறம்' என்கிறது. இந்த இரண்டு குரல்களும் நம் மூளைக்குள்தான் கேட்கின்றன.

நெற்றி மூளை

உங்கள் உள்ளங்கையை நெற்றியில் வையுங்கள். எலும்புக்கு அந்தப் பக்கம், மூளையின் முன்பகுதி இருக்கிறது. விஞ்ஞானிகள் இதை 'பிரீஃப்ரன்டல் கார்டெக்ஸ்' என்கிறார்கள். வாய்க்குள் நுழையவில்லையா? நாம் 'நெற்றி மூளை' என்றே வைத்துக்கொள்வோம்.

திட்டமிடுவது, கவனம் சிதறாமல் இருப்பது, அவசரத்தை அடக்குவது போன்ற வேலைகளில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. பரிசு, இனிப்பு, பாராட்டு, விளையாட்டு என்று நமக்குப் பிடித்தது எது வந்தாலும், 'இது எவ்வளவு பெறும்? இப்போது வேண்டுமா, பிறகா?' என்று எடை போடுவதிலும் இதற்குப் பங்கு உண்டு. ஆனால், இது தனியாக வேலை செய்வதில்லை. மூளையின் ஆழத்தில் இருந்து இதற்குச் செய்தி வந்துகொண்டே இருக்கிறது.

ஐஸ் வண்டி மணி

தெருமுனையில் ஐஸ் வண்டியின் மணி கேட்டதுமே உங்களுக்கு நாக்கில் எச்சில் ஊறுகிறதே, கவனித்திருக்கிறீர்களா? ஐஸ் இன்னும் கைக்கு வரவே இல்லை! மணி கேட்டதற்கே எதற்கு இந்த மகிழ்ச்சி?

வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற விஞ்ஞானி குரங்குகளை வைத்து இதை ஆராய்ந்தார். மூளையின் நடுப்பகுதியில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பு செல்கள் இருக்கின்றன. குரங்குக்கு எதிர்பாராமல் ஒரு சொட்டுப் பழச்சாறு கிடைத்தபோது இந்த செல்கள் துடிதுடித்தன. பிறகு, சாறு வருவதற்கு முன்னால் ஓர் அறிகுறியைக் காட்டிப் பழக்கினார். பழகிய பிறகு, அறிகுறி தெரிந்ததுமே செல்கள் துடித்தன. சாறு வந்தபோது அமைதியாக இருந்தன! அறிகுறி காட்டிவிட்டுச் சாறு கொடுக்காமல் விட்டால், வழக்கமான துடிப்பும் அடங்கிப் போனது.

இதற்கு என்ன அர்த்தம்? இந்த செல்கள் பரிசை மட்டும் பார்ப்பதில்லை. 'எதிர்பார்த்தது எவ்வளவு, கிடைத்தது எவ்வளவு' என்ற வித்தியாசத்தைப் பார்க்கின்றன. 1997ல் ஷுல்ட்ஸும் பீட்டர் டயான், ரீட் மான்டேகு ஆகிய இருவரும் சேர்ந்து இதை விளக்கி எழுதிய கட்டுரை உலகப் புகழ் பெற்றது.

உங்கள் பரீட்சையையே எடுத்துக்கொள்ளுங்கள். கணக்கில் 60 வரும் என்று நினைத்தீர்கள், 80 வந்தது. ஒரே குதியாட்டம்! 95 வரும் என்று நினைத்தீர்கள். அதே 80 வந்தது. முகம் தொங்கிப் போகிறது. மதிப்பெண் ஒன்றுதான். மனசு போடும் கணக்குதான் வேறு!

தராசு பழுதானால்...

மூளையின் ஆழத்தில் இருந்து வரும் இந்தச் செய்தி நெற்றி மூளைக்கும் போகிறது. அங்கே, கண்களுக்கு மேலே உள்ள பகுதி ஒரு தராசு போல வேலை செய்கிறது. இரண்டு பொருள்களில் எது நமக்கு அதிகம் பெறும் என்று ஒப்பிட உதவுகிறது.

அந்தத் தராசு பழுதானால் என்ன ஆகும்? அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் அன்டுவான் பெசாரா, அன்டோனியோ டமாசியோ முதலிய விஞ்ஞானிகள் 1994ல் ஒரு சீட்டு விளையாட்டை வைத்து இதைக் காட்டினார்கள். மேஜையில் நான்கு சீட்டுக்கட்டுகள். இரண்டு கட்டுகளில் ஒவ்வொரு சீட்டுக்கும் 100 டாலர் விளையாட்டுப் பணம். ஆனால், நடுநடுவே பெரிய அபராதம். பத்துச் சீட்டு எடுத்தால் மொத்தத்தில் 250 டாலர் நஷ்டம்! மற்ற இரண்டில் சீட்டுக்கு 50 டாலர்தான். அபராதம் சிறியது. பத்துச் சீட்டில் 250 டாலர் லாபம்.

சாதாரணமாக எல்லோரும் முதலில் 100 டாலர் கட்டுக்குத்தான் ஆசைப்படுகிறார்கள். கொஞ்ச நேரத்தில் 'அடடா, இது ஆளைக் கவிழ்க்கும் கட்டு' என்று உணர்ந்து மற்ற கட்டுகளுக்கு மாறிவிடுகிறார்கள். ஆனால், நெற்றி மூளையின் அடிப்பகுதியில் காயம் பட்டவர்கள் மாறவில்லை. நஷ்டம் வந்தாலும் 100 டாலர் கட்டையே எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய அறிவுக்கூர்மையில் குறையில்லை. கண்ணுக்கு முன்னால் உள்ள பெரிய பரிசுக்கு அப்பால், பின்னால் வரப்போவதைச் சேர்த்து எடை போடத்தான் முடியவில்லை.

இன்னும் கட்டி முடியாத வீடு

"அப்படியென்றால், வீட்டுப்பாடத்தை விட்டுவிட்டு நான் ஏன் டி.வி. முன்னால் உட்கார்ந்துவிடுகிறேன்?" என்கிறீர்களா? நல்ல கேள்வி!

நம் மூளையின் வளர்ச்சி அம்மா வயிற்றில் இருக்கும்போதே தொடங்கிவிடுகிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் உள்ள சுதா கோபாலகிருஷ்ணன் மூளை ஆய்வு மையம், கருவில் உள்ள குழந்தையின் மூளையை மெல்லிய தகடுகளாகப் படம் பிடித்து, 'தரணி' என்ற பெயரில் 2024 டிசம்பரில் வெளியிட்டது. அதில் 5,132 படங்கள்! பிறந்த பிறகும் இந்த வேலை நிற்பதில்லை. மூளையிலேயே கடைசியாக முதிர்ச்சி அடையும் பகுதிகளில் ஒன்று நெற்றி மூளை. ஏறக்குறைய 25 வயது வரை அங்கே கட்டட வேலை நடக்கிறது.

ஆனால், 'எனக்கு வேண்டும்' என்று துடிக்கும் பகுதிகளோ பத்துப் பன்னிரண்டு வயதுக்குப் பிறகு மிகவும் சுறுசுறுப்பாகிவிடுகின்றன. வண்டியின் ஆக்சிலரேட்டர் தயார். பிரேக் இன்னும் பழகிக்கொண்டிருக்கிறது!

இதில் ஆபத்தும் இருக்கிறது. லாரன்ஸ் ஸ்டைன்பர்க் என்ற அமெரிக்க உளவியல் அறிஞரும் மார்கோ கார்ட்னரும் 2005ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 13 முதல் 16 வயது வரை உள்ளவர்களைக் கம்ப்யூட்டரில் கார் ஓட்டும் விளையாட்டு ஆட வைத்தார்கள். நண்பர்கள் பக்கத்தில் இருந்து பார்த்தபோது, தனியாக ஆடியதைவிட அதிக ஆபத்தான முறையில் ஓட்டினார்கள். பெரியவர்களிடம் அந்த மாற்றம் தெரியவில்லை.

ஆற்றில் புதுத் தண்ணீர் வரும்போது, "பாலத்தில் இருந்து குதிடா, பார்க்கலாம்!" என்று நாலு பேர் உசுப்பிவிடுவார்களே, அப்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் கைதட்டல் என்ற பரிசு மிகப் பெரிதாகத் தெரியும். தண்ணீருக்கு அடியில் இருக்கும் கல்லும் சுழலும் தெரியாது. நான்கு அடி பின்னால் வந்து, மனசுக்குள் பத்து வரை எண்ணுங்கள். பிரேக் பிடிக்க நெற்றி மூளைக்கு அந்த நேரம் வேண்டும்.

காத்திருந்த குழந்தைகள்

முதலில் கேட்ட கடலை மிட்டாய்க் கேள்வியைப் போலவே ஒரு சோதனையை வால்டர் மிஷெல் என்ற உளவியல் அறிஞர் 1960களின் கடைசியில் தொடங்கி, அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் நடத்தினார். நான்கு வயதுக் குழந்தைகள்தான் அதிகம். இப்போதே வேண்டுமானால் ஒரு தின்பண்டம், காத்திருந்தால் இரண்டு. காத்திருந்து வென்ற பல குழந்தைகள் பண்டத்தைப் பார்க்கவே இல்லை! முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், பாட்டுப் பாடினார்கள், கை விரல்களோடு விளையாடினார்கள்.

'காத்திருந்த குழந்தைகள்தான் பிற்காலத்தில் கெட்டிக்காரர்கள்' என்று வெகுநாள் பேசப்பட்டது. 2018ல் 900க்கும் மேற்பட்ட குழந்தைகளின் விவரங்களை வைத்து மறுபடி ஆராய்ந்தபோது, அப்படி அடித்துச் சொல்ல முடியாது என்று தெரிந்தது. குடும்பச் சூழ்நிலையையும் சேர்த்துப் பார்த்தபோது அந்தத் தொடர்பு மிகவும் சிறியதாகிவிட்டது.

இன்னொரு ஆய்வு மிகவும் சுவாரசியமானது. செலஸ்ட் கிட் என்பவரும் அவருடைய குழுவினரும் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் 28 குழந்தைகளை வைத்துச் செய்தது, 2013ல் வெளியானது. "இருங்கள், நல்ல க்ரேயான்கள் கொண்டு வருகிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார் ஒருவர். பாதிக் குழந்தைகளுக்குச் சொன்னபடியே கொண்டு வந்தார். மீதிப் பேரிடம் வெறுங்கையோடு வந்து, "இல்லையே" என்றார். அதற்குப் பிறகுதான் தின்பண்டச் சோதனை.

வாக்கைக் காப்பாற்றியவரிடம் குழந்தைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாற்றியவரிடம் எவ்வளவு தெரியுமா? மூன்றே நிமிடம்!

அந்தக் குழந்தைகளுக்குப் பொறுமை இல்லை என்று சொல்லலாமா? கூடாது. 'இவர் கொடுக்க மாட்டார். இருப்பதைச் சாப்பிடுவதே லாபம்' என்று அவர்களுடைய மூளை சரியாகத்தான் கணக்குப் போட்டிருக்கிறது!

இரண்டு கிலோ, நான்கு கிலோ

ஆக, காத்திருப்பதற்குப் பொறுமை மட்டும் போதாது, நம்பிக்கையும் வேண்டும். நன்னிலம் இருக்கும் அதே திருவாரூர் மாவட்டத்தில் இதற்கு ஓர் அருமையான உதாரணம் இருக்கிறது.

திருத்துறைப்பூண்டிக்கு அருகே கட்டிமேடு கிராமத்தைச் சேர்ந்தவர் நெல் ஜெயராமன். அழிந்துகொண்டிருந்த பாரம்பரிய நெல் ரகங்களைத் தேடித் தேடிச் சேகரித்தார். 170க்கும் மேற்பட்ட ரகங்களை மீட்டார். ஆதிரெங்கம் கிராமத்தில் ஆண்டுதோறும் நெல் திருவிழா நடத்தி, விவசாயிகளுக்கு விதைநெல் கொடுத்தார். என்ன விலை? இரண்டு கிலோ வாங்கிக்கொண்டு போகிறவர், அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். அவ்வளவுதான்! அந்த நெல் இன்னும் இரண்டு பேருக்கு விதையாகும்.

கொடுப்பவர் ஓர் ஆண்டு காத்திருக்க வேண்டும். வாங்கியவர் சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டும். 2018 டிசம்பர் 6ஆம் தேதி அவர் மறைந்துவிட்டார். ஆனால், அவர் கொடுத்த விதை வயல்களில் பெருகியிருக்கிறது.

செய்து பாருங்கள்!

* படிக்கும் நேரத்தில் செல்போனை வேறு அறையில் வையுங்கள். கண்ணில் படாத பண்டத்துக்குக் காத்திருப்பது சுலபம்.

* 'நிறையப் படிக்கப் போகிறேன்' என்று சொல்லாதீர்கள். 'ஐந்து கணக்கு, பிறகு பத்து நிமிடம் விளையாட்டு' என்று பரிசைப் பக்கத்தில் வையுங்கள்.

* ஆசை அலைமோதும்போது உடனே முடிவெடுக்காதீர்கள். பத்து வரை எண்ணிவிட்டு முடிவெடுங்கள்.

* "அப்புறம் தருகிறேன்" என்று தம்பியிடமோ தங்கையிடமோ சொன்னால், மறக்காமல் கொடுத்துவிடுங்கள். இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். நீங்கள் ஒவ்வொரு முறை சொல் தவறாமல் இருக்கும்போதும், காத்திருந்தால் கிடைக்கும் என்று அந்தக் குட்டி மூளை ஒரு கணக்கு எழுதி வைத்துக்கொள்ளும்.

இன்றைக்கு யாருக்காவது ஏதாவது தருவதாகச் சொல்லியிருக்கிறீர்களா? போய்க் கொடுத்துவிட்டு வாருங்கள், குட்டீஸ்!